‘இல்லை’ என்ற சொல்லோடு அறுந்த அழைப்பு

அன்புள்ள அருளுக்கு,

அகற்றுகிறார்கள், அம்மாவின் குரல்வளையை, முழுவதுமாக, வரும் வியாழக்கிழமை காலை. இன்று வெள்ளி, முற்பகல் பதினொன்று பத்துக்கு, குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நிபுணர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். எழுதியதை நான் அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டினேன். “என்ன சார், என்னையே கிராஸ் எக்ஸாமின் பண்றீங்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆமா, அதேதான்” என்றார். முதல் வாக்கியம் தலைகீழாக நிற்கிறதே என்று நீ நினைப்பாய். தெரிந்துதான் அப்படி நிறுத்தியிருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கீழே சொல்கிறேன். உன்னைப் போல ஊர் ஊராகப் போய்விட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் இதைப் படிக்கட்டும் என்று அம்மா சொன்னதால்தான் இதை இணையத்தில் பொதுவாகப் போடுகிறேன்.

அறுவைக்குப் பிறகு கழுத்தின் முன்புறம் போடும் துளை வழியாக மூச்சு விடுவாள். இப்போது இருக்கிற குரல் திரும்ப வராது. புண் ஆறிய பின் சிறிய வால்வு ஒன்றைப் பொருத்தி வேறொரு குரலில் பேசப் பழகலாம், எல்லோருக்கும் அது அமைவதில்லை, அதை அப்போது பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்வி. “காது நல்லா கேக்கும்ல?” கேட்கும் என்றார். அவள் தலையாட்டினாள்.

இதன் பொருள் உனக்கு என்ன என்று யோசித்துக்கொண்டே ஜி.எஸ்.டி ரோட்டில் ஆட்டோவில் வந்தேன். மெல்போர்னில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, நீயும் நிம்மியும் அந்தப் பெரிய வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்ற ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. ஓடுகிற வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையும் பார்க்கிறீர்கள். இந்த ஏழு மாதமும் உன் வண்டியின் இன்டர்நெட் எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. நம் வீட்டில் காலை ஆறரைக்கு ஜெபம், உனக்கு அது முற்பகல். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துவிடுவோம். அம்மா கடைசியில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி முடிப்பாள். உன் பெயர், நிம்மி பெயர், அப்புறம் “அந்த வண்டியும்”. குரல் விட்டுவிட்டு வந்தாலும் பாதி கேட்டாலும் போதுமாக இருந்தது. புதன்கிழமை வரை அது போதும். வியாழனுக்குப் பிறகு போதாது. அதற்கப்புறம் அவள் பேசப்போவது முகத்தாலும் கையாலும். படம் உறைந்து நின்றால் அவள் பேச்சு நடுவில் நின்றது என்று பொருள். படம் வரவில்லை என்றால் அவள் பேசவே இல்லை.

வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதையும், பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருப்பதையும், அவசர விண்ணப்பம் போட்டிருப்பதையும் அம்மாவிடம் சொன்னேன். “வந்து என்ன பண்ணப்போறான், வெராண்டால உக்காந்து போனைத்தான் பாப்பான். கையில பாஸ்போர்ட் வந்தா வரட்டும், வரலேன்னா அழ வேணாம்னு சொல்லுங்க” என்றாள். அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்போது என் தவறு. முப்பத்தொரு வருஷம் செய்தியாளனாக இருந்தவன் செய்திருக்கக் கூடாத தவறு. சென்ற மாதம், சதைப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள் காலை, நீ வண்டி ஓட்டிக்கொண்டே கூப்பிட்டாய். “அப்பா, இனிமே நாலு நாளைக்கு டவர் இருக்காது, சீக்கிரம் சொல்லுங்க, டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டாய். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். சுற்றி வளைத்தேன். “டாக்டர் பாத்துட்டாருப்பா. கேன்சர் இல்லைன்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு” என்றேன். உன் பக்கம் “கேன்சர் இல்லைன்னு” வரை வந்தது. மீதியை உன் ரோடு விழுங்கிவிட்டது. எனக்கு உன் “சரிப்பா, சரிப்பா” மட்டும் கேட்டது, லைன் அறுந்தது. நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைப் போட்டு, ‘செய்தி சொல்லப்பட்டது’ என்று எழுதினேன். கேட்கப்பட்டதா என்று நான் பார்க்கவில்லை.

நம் மொழி அப்படி அமைந்திருக்கிறது. ஆமாம், இல்லை என்கிற முடிவைக் கடைசியில்தான் வைப்போம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கடைசிவரை கேட்பார் என்ற நம்பிக்கையில் பேசுகிறோம். நடுவில் அறுகிற லைனுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. இதைவிடப் பெரிய குற்றம், நான் வாக்கியத்தை அமைத்த விதம். ‘இல்லை என்று சொல்ல முடியாது’ என்று எழுதிக்கொண்டு வந்த இளம் செய்தியாளர்களை நான் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேன்! இருக்கிறதென்றால் இருக்கிறதென்று எழுது, தெரியாதென்றால் தெரியாதென்று எழுது என்பேன். அது பயந்தவன் எழுதும் வாக்கியம். அன்றைக்குப் பயந்தவன் நான்.

நான்கு நாள் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய், டவர் இருக்காது என்று. ஆனாலும் மூன்றாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு செய்தியைக் கேட்டவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு டவர் இருக்கிற ஊருக்கு வரமாட்டானா? அந்த ஊர்ப் பக்கத்து நெட்வொர்க் வரைபடங்களை எடுத்து, நீ போகிறதாகச் சொன்ன வழியை விரலால் தடவிப் பார்த்தேன். வழியில் இரண்டு ஊர்களில் சிக்னல் இருப்பதாகக் காட்டியது. ஐந்தாம் நாள் காலை உனக்கு ஒரு செய்தி தட்டினேன். ‘டவர் இல்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. வழியில் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. அம்மாவிடம் பேச உனக்கு மனமில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.’ அனுப்பிவிட்டு, அதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

அவள் குரல் அப்போதே காற்றாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான் பேசினாள். “டவர் இல்லைன்னு இந்த வீட்ல மொதல்ல சொன்னது யாரு?”

எனக்குப் புரியவில்லை. “எப்ப?”

“முடிச்சூர்ல தண்ணி வந்தப்ப.”

அப்போது நாம் முடிச்சூரில் குடியிருந்தோம், உனக்குப் பத்தாம் வகுப்பு. விடிந்தபோது வாசலில் இருந்த தண்ணீர் எட்டு மணிக்கு ஜன்னலுக்கு வந்துவிட்டது. நான் முதல்நாளே கிளம்பிப் பெருங்களத்தூரில் நின்றிருந்தேன், தெற்கே போகிற பஸ்கள் வரிசையாக நின்றுவிட்ட செய்திக்காக. நீயும் அம்மாவும் மார்பளவு தண்ணீரில் எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போனீர்கள். உன் கையில் அவளுடைய பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டு இருந்தது. மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது, “டவர் இல்ல, அதான் பேச முடியல” என்று சொன்னேன். மதியத்துக்கு மேல் உண்மையிலேயே இல்லைதான். ஆனால் அதற்கு முன் அவள் மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் போன் என் கையில் அடித்தது. ஆபீஸ்காரர்கள் செய்திக்காக லைனில் காத்திருந்தார்கள். மூன்று முறையும் நான்தான் கட் செய்தேன்.

“டவர் இல்லைன்னா ரிங்கே போகாது” என்றாள் உன் அம்மா. “ரெண்டு ரிங் போயி கட் ஆச்சு. மூணு தடவையும். கணக்கு டீச்சர்கிட்ட போயி சொல்றீங்க.”

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க. அவன் உங்க புள்ளன்னு அவனும் அதையே செய்வான்னு நெனச்சிட்டீங்க. மொதல்ல அவனக் கேளுங்க” என்றாள்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று மதியம், சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், என் போன் நாலைந்து முறை தொடர்ந்து துள்ளியது. நாலு நாளாக உன் போனிலேயே தேங்கிக் கிடந்தவையெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு மலை, ஒரு மண்ரோடு, வண்டிக்குள் மடக்கு மேஜை, அதன்மேல் கடையில் வாங்கிய சின்ன கேக். கேக்குக்குப் பக்கத்தில் நிம்மி கையால் எழுதிய காகிதம்: ‘அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்தோத்திரம்.’ அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் செய்திக்குக் கீழே இரண்டு டிக்குகளும் நீலமாயின. நீ அதைப் படித்துவிட்டாய். எதையும் திரும்பப் பிடிக்க முடியாத நேரம் அது.

உடனே கூப்பிட்டாய். பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தியிருக்கிறேன் என்றாய். “அப்பா, என்னப்பா எழுதியிருக்கீங்க? அம்மாவுக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே?” என்றாய். அப்போதுதான் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய வரிசையில் சொன்னேன். கேன்சர். அம்மாவுக்கு. தொண்டையில். பிறகு, “திருப்பிச் சொல்லு” என்றேன். லைன் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பின்னால் லாரி போகிற சத்தம் கேட்டது. நீ மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாய். ஒரு பிள்ளையை இப்படிச் சொல்லவைத்த தகப்பன் வேறு யாராவது இருப்பானா, தெரியவில்லை. அந்தக் கேக்கை என்ன செய்தீர்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நீ எழுத வேண்டாம்.

அதனால்தான் இந்த முறை கடிதம். இது வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் வரவே வராது. நடுவில் அறுந்து பொருள் மாறாது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் கீழ்வீட்டு ரத்தினம் சார் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும். கடந்த மூன்று வாரமாக மாலையில் அவரிடம் பாடம் கேட்கிறேன். உன்னிடம் விசாரித்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். முதலில் அவர் கேட்டது, “தம்பி வண்டியில எத்தனை சிம்?”

“ரெண்டு இருக்காம் சார். ஒண்ணு அவன் போன்ல, ஒண்ணு மருமக போன்ல. வேற வேற கம்பெனி.”

“கம்பெனி வேற. டவர் வேறயா?”

கம்பெனிப் பெயர்களைச் சொன்னேன். நிம்மி வைத்திருக்கிற சிம் ஒரு சின்னக் கம்பெனியுடையது. சொந்தமாக டவர் கிடையாது, உன் சிம் கம்பெனியின் டவரைத்தான் வாடகைக்கு எடுத்து விற்கிறார்களாம். பெரிய கம்பெனியின் வாடிக்கையாளருக்குக் கிடைக்கிற தூரம் பல நேரம் இவர்களுக்குக் கிடைப்பதில்லையாம். ரத்தினம் சாருக்கு ஒரே சந்தோஷம். “என்ன சார் நீங்க, முப்பது வருஷம் பேப்பர்ல இருந்திருக்கீங்க. எல்லாத்துக்கும் ரெண்டு சோர்ஸ் கேப்பீங்க. ஒரே ஆளு ரெண்டு பேர்ல பேசினா அது ரெண்டு சோர்ஸா?” என்றார். ஆகவே, அருள், நிம்மியின் சிம்மை மாற்று. இரண்டும் வேறு வேறு டவர்களாக இருக்க வேண்டும். ஒன்று நகரத்துக்கு நல்லதாகவும் இன்னொன்று நெடுஞ்சாலைக்கும் சின்ன ஊருக்கும் நல்லதாகவும் இருக்கட்டும். கம்பெனியின் வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதே. வரைபடத்தில் நிறம் போட்ட இடமெல்லாம் படம் ஓடுகிற இடம் இல்லை என்கிறார் அவர். அதே வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் நான் உன்மேல் பழி போட்டேன்.

வண்டியின் உடம்பு தகரம். உள்ளே மேஜை மேல் வைத்த போனுக்கு வெளியில் இருக்கிற சிக்னலில் பாதிகூட எட்டாது. கூரைமேல் ஆன்டெனா வைத்து, உள்ளே சிம் போடுகிற ரவுட்டரோடு இணைத்தால், போனில் ஒரு கோடுகூட நிற்காத இடத்திலும் படம் வர வாய்ப்பு உண்டு. இரண்டு சிம் போடக்கூடிய ரவுட்டர் என்றால் ஒன்று படுத்தால் மற்றதுக்கு அதுவே மாறிக்கொள்ளும். சாட்டிலைட் டிஷ் வாங்கலாமா என்று நிம்மி கேட்டிருந்தாள். டவரே இல்லாத இடத்துக்கு அதுதான் வழி, வாங்குங்கள். ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும், பேட்டரியையும் நன்றாகக் குடிக்கும். அவளுக்கு மரநிழலில் நிறுத்தத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு வெயிலில் நிறுத்துங்கள். வண்டிகள் தங்குகிற இடங்களில் கொடுக்கிற பொது வைஃபையை நம்பாதே. சாயங்காலம் ஆனால் எல்லா வண்டியிலும் எல்லோரும் படம் பார்ப்பார்கள்.

படம் தடுமாறினால் முதலில் உன் கேமராவை அணை. அவளுக்குக் காது கேட்கும், உன் குரல் போதும். நீ அவளைப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் வண்டியிலிருந்து வெளியே போகிற பக்கம்தான் மெலிந்திருக்குமாம், வருகிற பக்கம் தாங்கும். இதை அவளிடம் சொன்னபோது, “அப்ப அவன் மூஞ்சி தெரியாதா?” என்றாள். பிறகு, “சரி” என்றாள். ஆகவே, இதை முடிந்தவரை செய்ய வேண்டியிராதபடி பார்த்துக்கொள்.

ஒன்று கட்டாயம். புதன் இரவுக்குள் ஏதாவது ஓர் ஊரில் வண்டியை நிறுத்திவிடு. அடுத்த ஞாயிறு வரை நகராதே. அந்த இடத்திலிருந்து புதன்கிழமையே ரத்தினம் சாருக்கு வீடியோவில் கூப்பிட்டுச் சோதித்துப் பார். அரைமணி நேரம் பேசு. அவர் சந்தோஷமாகப் பேசுவார், நிறுத்துவதுதான் கஷ்டம்.

எங்கள் பக்கத்தையும் சரிபார்த்துவிட்டேன். இன்று டாக்டரைப் பார்த்த கையோடு இரண்டு போனை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி வார்டு முழுக்க நடந்தேன். நடுவில் இருக்கிற கட்டில்களில் ஒரு கோடு. ரயில்வே லைனைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில் மூன்று, சில நேரம் நான்கு. அந்தக் கட்டிலைக் கேட்டேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், பேஷன்ட்டுக்கு காத்து வரணும்னு ஜன்னல் கேப்பாங்க. டவர் வரணும்னு கேக்குற மொத ஆளு நீங்கதான்.” பிறகு, பேஷன்ட்டின் பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். சொன்னேன். கட்டில் எண்ணுக்கு நேரே பென்சிலில் அம்மா பெயரை எழுதிவைத்தார். பென்சில்தான், பேனா இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு இன்னும் ஐந்து காலை இருக்கிறது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஐந்திலும் கூப்பிடு. அவள் குரல் கரகரத்துப் போயிருக்கிறது, கேட்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நிம்மி சொன்னாள், நீ போனை வைத்தபின் வண்டியை விட்டு இறங்கி நடந்துவிட்டு வருகிறாய் என்றும் சொன்னாள். நட. ஆனால் கூப்பிடு. பதிவு பண்ணி வைக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். “இந்தக் கொரலையா? நல்லா இருந்தப்ப யாரும் பதிவு பண்ணல” என்றாள். உனக்கு வேண்டுமென்றால் நீயே அவளைக் கேள். நீ கேட்டால் ஒருவேளை சம்மதிப்பாள்.

இனி தெரிய வேண்டியவை. உன் பாஸ்போர்ட் அவசர விண்ணப்பத்துக்குப் பதில் திங்கள்கிழமை வரும் என்று நீ சொன்னாய். அதற்கு உன்னைத் தவிர எனக்கு வேறு சோர்ஸ் இல்லை. வியாழன் காலை ஏழரைக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோவார்கள். ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். வெளியே வந்ததும் ஒரே வரி அனுப்புவேன், முடிவை முதலில் வைத்து. எடுத்த சதையின் முழு ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள் வரை ஆகும். ரேடியேஷன் வேண்டுமா என்பது அதற்கப்புறம்தான் தெரியும், அதுவரை யார் என்ன சொன்னாலும் யூகம். எல்லாம் ஒழுங்காகப் போனால் சனிக்கிழமை மாலை வார்டுக்கு மாற்றுவார்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு உனக்கு வீடியோவில் கூப்பிடுவேன்.

அம்மா மார்க்கெட்டில் ஒரு வெள்ளைப் பலகையும் தடித்த கறுப்பு மார்க்கரும் வாங்கிவந்திருக்கிறாள். படம் கலங்கினாலும் படிக்கத் தெரியவேண்டும் என்று எழுத்துகளை உள்ளங்கை அகலத்துக்கு எழுதிப் பழகுகிறாள். ஒரு பலகைக்கு இரண்டு சொல்லுக்கு மேல் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதலில் என்ன எழுதப்போகிறாய் என்று சற்று முன் கேட்டேன். பலகையில் ஏற்கெனவே ஏதோ எழுதியிருந்தாள். என் பக்கம் திருப்பாமல் முந்தானையால் துடைத்துவிட்டாள். என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.

அப்பா
கிழக்குத் தாம்பரம், வெள்ளிக்கிழமை மாலை